இணையப் பாத்திர விளையாட்டுகளில் பெண்கள் காணும் இன்பம்

பெண்கள் இணையப் பாத்திர விளையாட்டுகளை ஏன் விரும்புகிறார்கள் என்ற கேள்வி, கணினி விளையாட்டுகளைப் பற்றிய சமூகவியல் ஆய்வுகளில் கால் நூற்றாண்டாகத் திரும்பத் திரும்ப எழுப்பப்பட்டு வருகிறது. ஆண்கள் ஏன் விரும்புகிறார்கள் என்று அந்த அளவுக்கு யாரும் கேட்கவில்லை. ஆண் விளையாடுவது இயல்பு, பெண் விளையாடுவதற்கு மட்டும் காரணம் சொல்லியாக வேண்டும் என்ற எண்ணம் கேள்வியிலேயே உறைந்திருக்கிறது. அதற்காகக் கேள்வியே வீண் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. இதுவரை தரப்பட்ட விடைகளைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால், பெண்கள் பேச்சுத் துணை தேடி வருகிறார்கள் என்ற எளிய விளக்கத்தில் தொடங்கிய ஆய்வுகள், பெண்கள் அடையும் இன்பங்கள் பெரும்பாலும் ஆண்கள் அடைபவையே, அவற்றை எட்டுவதற்குக் கடக்க வேண்டிய வாயில்களும் கொடுக்க வேண்டிய விலையுமே வேறு என்ற முடிவை நோக்கி மெல்ல நகர்ந்திருப்பது புலப்படும்.

இங்கே பேசப்படுவது கைப்பேசியில் சில நிமிடங்கள் ஆடி மூடிவைக்கும் விளையாட்டைப் பற்றியதன்று. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் நுழைந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கிக்கொண்டு, அதன் வழியாக நடந்தும் போரிட்டும் வணிகம் செய்தும் வாழும் கற்பனை உலகமே இணையப் பாத்திர விளையாட்டு எனப்படுகிறது. ஆடுபவர் கணினியை அணைத்த பின்னும் அந்த உலகம் நிற்பதில்லை. சந்தை நடக்கிறது, போர்கள் நடக்கின்றன, நண்பர்கள் முன்னேறிச் செல்கிறார்கள். இதன் மூதாதையாகக் கொள்ளப்படுவது, இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா 1978-இல் தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த 'மட்' என்னும் எழுத்துவடிவ விளையாட்டு. படங்களோடு கூடிய பெரிய உலகங்கள் 1990-களின் பிற்பகுதியில் வந்தன: 1997-இல் அல்ட்டிமா ஆன்லைன், 1999-இல் எவர்குவெஸ்ட். 2004 நவம்பரில் வெளியான வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், 2010-இல் 1 கோடியே 20 லட்சம் சந்தாதாரர்களை எட்டி இந்த வகையின் உச்சமாக நின்றது.

இந்த உலகங்கள் உருவாகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், பெண்களுக்கான விளையாட்டு என்று தனியாக ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற முயற்சியும் அமெரிக்காவில் மும்முரமாக நடந்தது. 1996-இல் வந்த பார்பி ஃபேஷன் டிசைனர் முதல் இரண்டு மாதங்களில் 5 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதே ஆண்டில் பிரெண்டா லாரல் தொடங்கிய பர்ப்பிள் மூன் நிறுவனம், சிறுமியரின் நட்பையும் பள்ளி வாழ்வையும் கருவாகக் கொண்டு விளையாட்டுகளைச் செய்து, 1999-இல் மூடப்பட்டது. இந்த முயற்சிகளை ஜஸ்டீன் காசெலும் ஹென்றி ஜென்கின்சும் 1998-இல் தொகுத்த கட்டுரை நூல் விரிவாக அலசியது. பெண்கள் மோதலை விரும்புவதில்லை, உறவுகளையே விரும்புவார்கள் என்ற முன்முடிவு இந்த முயற்சிகளுக்கு அடியில் ஓடியது. யாரும் பெண்களை மனத்தில் வைத்துச் செய்யாத எவர்குவெஸ்டில், கோப்ளின்களையும் டிராகன்களையும் கொன்றுகொண்டு பெண்கள் இருந்தார்கள் என்பதை அந்த முன்முடிவால் விளக்க இயலவில்லை.

கொரியாவின் வரலாறு இதற்கு இன்னொரு கோணத்தைத் தருகிறது. அங்கே இந்த வகைக்கு வித்திட்ட இரண்டு விளையாட்டுகளும் பெண் ஓவியர்கள் சிறுமியருக்காக வரைந்த படக்கதைகளிலிருந்து பிறந்தவை: நெக்சான் நிறுவனம் 1996-இல் வெளியிட்ட 'காற்றின் நாடு' கிம் ஜின் எழுதி வரைந்த கதையையும், என்சிசாஃப்ட் 1998-இல் வெளியிட்ட லினியேஜ் ஷின் இல்-சுக்கின் கதையையும் அடிப்படையாகக் கொண்டவை. அரசுரிமைப் போரும் வஞ்சமும் குருதியும் நிறைந்த அந்தக் கதைகளைச் சிறுமியர் இதழ்கள்தாம் வளர்த்தன. கோட்டை முற்றுகையை ஆண்களின் சுவை என்று எழுதிய மேலை ஆய்வாளர்கள் இந்தப் பக்கம் அதிகம் திரும்பிப் பார்க்கவில்லை என்பது வியப்புக்குரியது.

ஆடுபவர்களின் நோக்கங்களை வகைப்படுத்தும் முயற்சி பார்ட்டிலிடமிருந்தே தொடங்குகிறது. அவர் 1996-இல் எழுதிய கட்டுரை, சாதிக்க விழைபவர், உலகைச் சுற்றிப் பார்ப்பவர், பழக வருபவர், பிறரைத் தாக்கி மகிழ்பவர் என்று நால்வகையினரைக் காட்டியது. அது கூர்மையான அவதானிப்பு என்றாலும் அளந்து பெற்ற முடிவன்று. அளவிடும் வேலையை நிக் யீ மேற்கொண்டார். 2006-இல் வெளியான அவரது ஆய்வு, ஏறத்தாழ 3,000 பேரின் விடைகளைக் கொண்டு, சாதனை, சமூகம், ஆழ்தல் என்ற மூன்று பெரும் பிரிவுகளையும் அவற்றுக்குள் பத்து உட்பிரிவுகளையும் கண்டது. ஆழ்தல் என்பது கதைக்குள்ளும் உலகத்துக்குள்ளும் தன்னை மறந்து கலந்துவிடும் நிலையைக் குறிக்கும். ஒருவர் ஒரே வகையில்தான் அடங்குவார் என்பதில்லை, சாதனை விருப்பமும் பழகும் விருப்பமும் ஒருவரிடமே ஓங்கியிருக்கலாம் என்பது இதில் தெளிவாயிற்று.

பெண்களைப் பற்றிய பழைய கருத்துக்கு இந்த ஆய்வு வைத்த கேள்விகள் இரண்டு. ஆண்களின் சாதனை மதிப்பெண் சராசரியில் உயர்ந்திருந்தது உண்மை. ஆனால் அந்த மதிப்பெண்ணை முன்கூட்டிச் சொல்வதில் பாலைவிட வயதே வலுவான காரணியாக இருந்தது. இளைஞர்கள் வெற்றிக்கும் போட்டிக்கும் துடித்தார்கள், வயது ஏற ஏற அந்தத் துடிப்பு தணிந்தது; விளையாடிய பெண்கள் சராசரியில் ஆண்களைவிட மூத்தவர்களாக இருந்ததால், வயதின் விளைவு பாலின் விளைவுபோலத் தோன்றியிருக்கிறது. அடுத்து, அரட்டை அடிப்பதிலும் பிறருக்கு உதவுவதிலும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. மனத்துயரைப் பகிர்ந்துகொள்ளும் அளவுக்கு நெருங்கிய நட்பை நாடும் உட்பிரிவில்தான் பெண்கள் முன்னே நின்றார்கள். பெண்கள் பேச வருகிறார்கள் என்று சொன்னவர்கள் ஆண்களும் அதே அளவு பேசுவதைக் கணக்கில் எடுக்க மறந்துவிட்டார்கள்.

எண்களால் பிடிபடாதவற்றை நேரில் பழகிப் பார்த்து எழுதியவர் டி. எல். டெய்லர். எவர்குவெஸ்டில் நீண்ட காலம் ஆடியும் ஆடுபவர்களோடு பேசியும் அவர் 2006-இல் வெளியிட்ட நூல், பெண்கள் அடையும் இன்பங்களை ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவையாகக் காட்டுகிறது: பழகுதல், அடையாளத்தோடு விளையாடுதல், திறமை பெறுதல், சேர்ந்து போரிடுதல், அலைந்து திரிதல். இவற்றுள் கடைசியாகச் சொன்னது தனியாக நின்று பார்க்கத் தக்கது. எவர்குவெஸ்டில் கித்திகோர் என்றொரு காடு உண்டு. பகலில் தொடக்க நிலை ஆட்டக்காரரும் ஓரளவு அச்சமின்றிக் கடந்துவிடலாம். இருட்டியதும் வலிமை மிக்க பேய்ப்படை எழுந்து எதிர்ப்பட்டவரையெல்லாம் அடித்து வீழ்த்தும். தொடக்க காலத்தில், வீழ்ந்தவர் உடைமை முழுவதும் பிணத்தோடு காட்டிலேயே கிடக்க, வெறுங்கையோடு வேறிடத்தில் உயிர்த்தெழுந்து, மீண்டும் அங்கே சென்று அதை எடுத்து வர வேண்டியிருந்தது. அச்சம் உண்மையானதுதான், ஆனால் அந்த இரவு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. பாத்திரம் பெண்ணாக இருப்பதால் பேய்கள் கூடுதலாகத் துரத்துவதில்லை, பெண் தனியே ஏன் போனாள் என்று எவரும் கேட்பதில்லை. டெய்லரிடம் பேசிய பெண்கள், இடர் நிறைந்த நிலப்பரப்பில் தனியே அலைவதைப் பெரும் இன்பமாகக் குறிப்பிட்டார்கள். பெண் என்பதற்காகக் கூடுதல் இடரைச் சுமக்காமல் இடரை எதிர்கொள்ள முடிவது வெளியுலகில் அவர்களுக்கு எளிதில் வாய்க்காத ஒன்று. ஊர் உறங்கும் நேரத்தில் தெருவில் இறங்கி நடக்கும் உரிமை எந்த நாட்டிலும் பெண்ணுக்கு முழுதாகக் கிடைத்துவிடவில்லை என்ற நிலையில், பொழுதுபோக்கு என்ற சொல் இந்த இன்பத்தின் எடையைத் தாங்குமா என்பது ஐயமே.

சமூக உறவு என்பதையும் மேலோட்டமாகக் கொள்ளக் கூடாது. இந்த விளையாட்டுகளில் நட்பு என்பது வேலையோடு ஒட்டிய நட்பு; ஒன்றாக ஒரு கடினமான செயலைச் செய்யும்போது பிறப்பது. கில்ட் எனப்படும் நிலையான குழுக்களில் சேர்ந்து, ரெய்டு எனப்படும் கூட்டுப் படையெடுப்புக்கு வாரத்தில் குறித்த நாள்களில் கூடுகிறார்கள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் தொடக்க ஆண்டுகளில் ஒரு படையெடுப்புக்கு 40 பேர் தேவைப்பட்டனர். எதிரியின் அடியைத் தன்மேல் வாங்குபவர், எதிரியைத் தாக்குபவர், காயம் ஆற்றுபவர் என்று வேலை பிரிக்கப்படும். காயம் ஆற்றுபவர் எதிரியைப் பெரும்பாலும் பார்ப்பதேயில்லை. அவரது கண் திரையின் ஓரத்தில் அடுக்கிய உயிர்ப்பட்டைகளின்மேல் இருக்கும். எந்தப் பட்டை குறைகிறது, அது தானாக நிற்குமா இன்னும் சரியுமா, விரைவான சிறு மருத்துவமா மெதுவான பெரு மருத்துவமா, கையிலுள்ள மந்திர ஆற்றல் போர் முடியும்வரை வருமா என்று நொடிக்கு நொடி கணக்கிட்டாக வேண்டும். தவறினால் நாற்பது பேரின் உழைப்பும் ஒருசேரப் போகும்.

இந்த வேலையைப் பெண்களின் இயல்பான பரிவோடு இணைத்துப் பேசுவது விளையாட்டுக்குள்ளும் வெளியிலும் வழக்கம். நிக் யீயும் உடன் ஆய்வாளர்களும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, பாத்திரத்தின் பால் இதில் எவ்வளவு செல்வாக்குச் செலுத்துகிறது என்பதைக் காட்டியது: ஆண்கள் பெண் பாத்திரத்தில் ஆடும்போது கூடுதலாகக் காயம் ஆற்றுகிறார்கள், பெண்கள் ஆண் பாத்திரத்தில் ஆடும்போது அது குறைகிறது. அதாவது, ஏற்ற வேடத்துக்கு உலகம் எதிர்பார்ப்பதை இருபாலாரும் நடித்துக் காட்டிவிடுகிறார்கள். பின்னர் அந்த நடிப்பே பெண்ணியல்புக்குச் சான்றாக எடுத்துக் காட்டப்படுகிறது. காயம் ஆற்றும் வேலையைப் பரிவு என்று அழைப்பதே பொருத்தமில்லை. அது அழுத்தத்தின் நடுவே பதறாமல் கணக்குப் போடும் திறமை.

பாத்திரத்தின் தோற்றத்தை அமைப்பதில் பெண்கள் காட்டும் ஈடுபாடு பல ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. 2013-இல் புத்துருப் பெற்று வந்த ஃபைனல் ஃபேண்டஸி 14 விளையாட்டில், அணிந்திருக்கும் கவசத்தின் வலிமை மாறாமல் அதன் தோற்றத்தை மட்டும் வேறோர் உடையாக மாற்றும் வசதி உண்டு. வலிமைக்காக அழகைத் துறக்க வேண்டியதில்லை. இதற்கு நேர்மாறான அனுபவம் பழைய விளையாட்டுகளில் மிகுதி. எவர்குவெஸ்டின் அட்டைப்படத்தை அலங்கரித்தவள் அரைகுறை ஆடையில் நின்ற ஃபிரியோனா வீ என்னும் எல்ஃப் குலப் பெண். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் தொடக்க காலத்தில், ஆண் பாத்திரத்துக்கு மார்பை மூடிய இரும்புக் கவசம் பெண் பாத்திரத்துக்கு அணிவித்தால் சில வேளைகளில் கச்சையாகச் சுருங்கியது. பெண்கள் இந்தச் சித்திரிப்பை ரசிக்கவில்லை, ஆனால் அதை ஒருபுறம் ஒதுக்கிவைத்துவிட்டு ஆடினார்கள் என்கிறார் டெய்லர். அவர்கள் ஆடுகிறார்கள் என்பதாலேயே உடையில் அவர்களுக்குக் குறையில்லை என்று விற்பனையாளர்கள் எடுத்துக்கொண்டால் அது தவறான கணக்கு. பெண் வேடம் பூண்பவர்களுள் ஆண்கள் கணிசமாக உண்டு என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 375 பேரைக் கொண்டு 2014-இல் வெளியான ஆய்வொன்றில் ஆண்களில் ஏறத்தாழ 23 விழுக்காட்டினரும் பெண்களில் 7 விழுக்காட்டினரும் எதிர்ப்பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டனர்.

இதுவரையிலான ஆய்வுகள் பெரும்பாலும் ஆடுபவர்களின் வாய்மொழியை நம்பியவை. 2009-இல் டிமிட்ரி வில்லியம்ஸ், மியா கன்சால்வோ, ஸ்காட் கப்லான், நிக் யீ ஆகிய நால்வர் வெளியிட்ட கட்டுரை இந்தக் குறையைத் தாண்டியது. எவர்குவெஸ்ட் 2 ஆடிய ஏறத்தாழ 7,000 பேரிடம் பெற்ற விடைகளை, விளையாட்டு நிறுவனத்தின் சர்வரில் தானாகப் பதிவான நேரக் கணக்கோடு பொருத்திப் பார்த்தது. மாதிரியில் பெண்கள் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. ஆனால் அவர்கள் வாரத்துக்குச் சராசரியாக 29 மணி நேரம் ஆடினார்கள். ஆண்கள் 25 மணி நேரம். எவ்வளவு நேரம் ஆடுகிறீர்கள் என்று கேட்டபோது இருபாலாரும் குறைத்தே சொன்னார்கள், ஆண்கள் வாரத்துக்கு ஒரு மணி நேர அளவில், பெண்கள் மூன்று மணி நேர அளவில்.

இந்த மூன்று மணி நேரம், இந்தத் துறையின் பல நீண்ட விவாதங்களைவிட அதிகம் சொல்கிறது. இந்த வகை விளையாட்டுகளில் மொத்தம் எவ்வளவு நேரம் ஆடியிருக்கிறோம் என்பதை ஒற்றைக் கட்டளையில் நாள், மணிக் கணக்காகத் திரையில் பார்த்துவிடலாம். ஆகவே மறதியை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. பெண் ஓய்வாக இருப்பதை ஏற்றுக்கொள்வதில் குடும்பத்துக்கு இருக்கும் தயக்கத்தைப் பெண்ணும் உள்வாங்கிக்கொள்கிறாள் என்று கொள்வதே பொருந்துகிறது. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் ஜில்லியன் வின், கேரி ஹீட்டர் இருவரும் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வு, மாணவியருக்கு ஓய்வு நேரம் குறைவு என்பதோடு, கிடைப்பதும் சிறு சிறு துண்டுகளாகவே கிடைக்கிறது என்று காட்டியது. படையெடுப்போ மூன்று நான்கு மணி நேரம் இடையறாமல் இருக்கையில் இருக்கக் கேட்கும். நடுவில் எழுந்தால் நாற்பது பேர் காத்திருப்பார்கள். எனவே நேரத்தைப் பெற முடியாத பெண்கள் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள், எப்படியோ பெற்றுவிட்டவர்கள் ஆண்களைவிடத் தீவிரமாக ஆடுகிறார்கள். எண்ணிக்கையில் குறைவும் நேரத்தில் மிகுதியுமாக வந்த அந்த முரண் இப்படித்தான் அவிழ்கிறது. ஜானிஸ் ராட்வே 1984-இல் காதல் நாவல் படிக்கும் இல்லத்தரசிகளைப் பற்றி எழுதியபோது, கதையைவிடவும் படிக்கும் செயலே அவர்களுக்கு முக்கியம், கையில் புத்தகம் இருக்கும்வரை இது என் நேரம் என்று வீட்டாருக்குச் சொல்லாமல் சொல்ல முடிகிறது என்று காட்டினார். பாத்திர விளையாட்டு அதைவிடவும் வலுவான அரணாக அமைகிறது. மறுமுனையில் உண்மையான மனிதர்கள் காத்திருக்கிறார்கள் என்பது, புத்தகத்துக்கு இல்லாத ஒரு நியாயத்தை அந்த நேரத்துக்குத் தந்துவிடுகிறது.

வாயிலைப் பற்றிய தரவுகளும் இதையே வலியுறுத்துகின்றன. யீயின் ஆய்வுகளில் பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல், கணவரோ காதலரோ அறிமுகப்படுத்தியதால் விளையாட்டுக்கு வந்தவர்கள்; ஆண்களில் அப்படி வந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவே. இதைப் பெண்கள் துணைவருக்காகவே ஆடுகிறார்கள் என்று வாசித்தவர்கள் பலர். விளையாட்டுக் கடை, நண்பர் கூட்டம், விளையாட்டு இதழ் என்று ஆண்களுக்குத் திறந்திருந்த வேறு வழிகள் பெண்களுக்கு அடைபட்டிருந்ததால், வீட்டு வழியே மிஞ்சியது என்று வாசிப்பதே சரி. உறவு முறிந்த பின்னும் விளையாட்டில் தொடரும் பெண்கள் உண்டு என்பதை முதல் வாசிப்பால் விளக்க முடியாது.

உள்ளே வந்த பின்னும் சுங்கம் கட்டியாக வேண்டியிருக்கிறது. குரல்வழிப் பேச்சு பரவிய பிறகு, பெண் என்று தெரிந்தவுடன் வரும் ஆபாசப் பேச்சுக்கும், கேட்காமலே வழங்கப்படும் உதவிகளுக்கும் அஞ்சி, ஒலிவாங்கி பழுது என்று சொல்லி எழுத்திலேயே பேசும் பெண்கள் பல விளையாட்டுகளில் உண்டு. 2010 ஜூலையில், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டை உருவாக்கிய பிளிசார்ட் நிறுவனம், தனது உரையாடல் பக்கங்களில் எழுதுபவர் உண்மைப் பெயரோடுதான் எழுத வேண்டும் என்று அறிவித்தபோது, பின்தொடரப்படும் அச்சத்தைச் சொல்லிப் பெண்கள் பலர் எதிர்த்தனர். பொதுவான எதிர்ப்பு பெருகவே, மூன்றே நாளில் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. பெண்கள் திறமை குறைந்தவர்கள் என்ற பேச்சும் இந்தச் சுங்கத்தில் அடக்கம். எவர்குவெஸ்ட் 2-இன் பதிவுகளையும் ஒரு சீன விளையாட்டின் பதிவுகளையும் கொண்டு 2016-இல் வெளியான ஆய்வு, ஆடிய நேரத்தையும் தேர்ந்த தொழிலையும் சேர்ந்த குழுவையும் கணக்கில் கொண்டால், லெவல் உயரும் வேகத்தில் பெண்கள் ஆண்களுக்குக் குறைந்தவர்கள் அல்லர் என்று நிறுவியது.

பெண்கள் என்று பொதுவாகப் பேசுவதன் எல்லையை இறுதியாக ஒரு தொகுப்பு காட்டிவிடுகிறது. குவாண்டிக் ஃபவுண்டரி நிறுவனம் 2017-இல் வெளியிட்ட கணக்கின்படி, மாயக்கதை உலகில் அமைந்த பாத்திர விளையாட்டுகளை ஆடுவோரில் 36 விழுக்காட்டினர் பெண்கள். விண்வெளிக் கதைகளில் அமைந்தவற்றில் 16 விழுக்காட்டினரே. மாயக்கதைப் பிரிவுக்குள்ளேயே வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 23 விழுக்காட்டோடு பின்தங்கி நிற்கிறது. விண்கலங்கள் பெண்களுக்குப் பிடிப்பதில்லை என்று இதைக் கொண்டு முடிவு கட்டிவிடலாம், ஸ்டார் வார்ஸ்: தி ஓல்டு ரிபப்ளிக் குறுக்கே வராதிருந்தால். அதே விண்வெளிப் பிரிவில் இருக்கும் அந்த விளையாட்டில் பெண்கள் 29 விழுக்காடு. 2011-இல் வெளியான அதை உருவாக்கிய பயோவேர் நிறுவனம், உரையாடல்களுக்கு முழுமையாகக் குரல் கொடுத்து, ஒவ்வொரு தொழிலுக்கும் தனிக் கதை எழுதி, உடன் வரும் துணைப் பாத்திரங்களோடு நட்பும் காதலும் பகையும் வளரும்படி அமைத்தது. அந்நிறுவனத்தின் டிராகன் ஏஜ்: இன்க்விசிஷன் என்னும் தனியாள் விளையாட்டில் பெண்கள் 48 விழுக்காடு என்பது அதே கணக்கில் இருக்கிறது. பெண் நாயகிக்கும் ஆண் நாயகனுக்கும் சமமான கதை எழுதும் நிறுவனம் என்று பெயர் பெற்றிருந்ததால், அதன் பழைய வாடிக்கையாளர்களான பெண்களுள் ஒரு பகுதியினர் விண்வெளிக்கும் பின்தொடர்ந்து வந்திருக்க வேண்டும்.